யாருக்கும் இல்லாத நாள்

ஆற்காடு சாலை ஆய்வகத்தில்
கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவள் நான்.
துவாரம் வழியே குப்பிகள் வரும்,
சில வெதுவெதுப்பாக.
வங்காளத்திலிருந்து வந்தவர்களிடம் "காலி பேட்?" என்பேன்.
நம்மூர்க்காரர்களிடம்
"வெறும் வயிறா? மாத்திரை போட்டாச்சா? எத்தனை மணிக்கு?"
பொய் சொன்னால் சர்க்கரை காட்டிக்கொடுத்துவிடும்.

வந்து வந்து போகிற அரிப்பு எனக்கு வந்தபோது
துவாரத்தின் மறுபக்கம் போய் நிற்க முடியவில்லை.
என் குப்பியை ஹெப்சிபாதான் வாங்குவாள்.
லோகநாதன்தான் தகட்டில் தேய்த்துப் பார்ப்பான்.
மத்தியானம் அவனோடுதான்
எலுமிச்சை சாதம் பங்கு போட்டுக்கொள்கிறேன்.

"சூடு" என்றார் மாமியார்.
"வெந்தயம் ஊறவெச்சுக் குடி."
வேலூரில் எல்லாவற்றுக்கும் சூடுதான்,
கோட்டை அகழியில் பாசி படர்ந்தாலும்.

கூரியரில் வரவழைத்தேன்.
சோப்புப் பெட்டி அளவு.
ஒரு பஞ்சுக்குச்சி, ஒரு குழாய், மடித்த தாள்.
எப்போது எடுக்கலாம் என்று தொடங்கிய தாள்
எப்போதெல்லாம் கூடாது என்றே சொல்லிக்கொண்டு போனது.
மாதவிலக்கில் கூடாது,
ரத்தம் நின்று மூன்று நாள் போகட்டும்.
சேர்ந்திருந்தால் அதன்பின் மூன்று நாள்.
கிருமிக்கான மாத்திரை,
உள்ளே வைக்கிற மாத்திரை,
எதுவானாலும் முடிந்து நான்கு வாரம்.
உள்ளே கழுவாதே.
கடைசி வரி பொடி எழுத்தில் இருந்தது,
படிக்கவில்லை.

நகைக்கடை கொடுத்த காலண்டரை
படுக்கையில் விரித்துப் போட்டேன்.
தை மாதம் பிடுங்கிய பல்லுக்கான மாத்திரை
மாசியை முழுசாகத் தின்றிருந்தது.
பங்குனியில் மாதவிலக்கு இரண்டு முறை.
தணிகாசலம் ஓசூரிலிருந்து
சனி ராத்திரி பஸ் ஏறி வருவான்.
ஞாயிறு அவனுடையது.
திங்கள், செவ்வாய், புதன் ஞாயிற்றின் வால்.
பென்சிலால் அடித்து அடித்து
கடைசியில் சித்திரையில் ஒரு வியாழன்
வெள்ளையாக நின்றது.

என் உடம்புக்கு
யாரும் எதுவும் செய்யாத நாள்.
நானும் செய்யாத நாள்.
தானாக இருப்பதற்கு
அதற்கு அப்படி ஒன்று வேண்டுமாம்.
கல்யாணமாகி ஒன்பது வருடம்,
அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்திருந்தேன்.

அதற்கு முந்தின சனிக்கிழமை சொன்னேன்,
"இந்த வாரம் வேணாம்."
"இன்னா ஆச்சு?"
"ஒரு டெஸ்டு."
மின்விசிறி நாலைந்து சுற்று சுற்றியது.
"சுகரா?"
"ஆமா" என்றேன்,
ஊரார் பொய்யைக் கண்டுபிடிக்கிறவள்.
மறுநாள் அவனே போய்
பாகற்காய் வாங்கி வந்தான்.

வியாழன் விடியற்காலை
காய்ச்சலோடு வந்தது.
அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிகிற வலி.
குளியலறையில் தாளை விரித்தேன்.
பொடி எழுத்து:
வலி, காய்ச்சல், கர்ப்பம், காரணமில்லாத ரத்தம்
இவை இருந்தால் இதை எடுக்காதே,
மருத்துவரிடம் போ.
குச்சியின் உறையைப் பிரிக்கவே இல்லை.

மேல்மாடி டாக்டரம்மா பார்த்தார்.
உறையில் போட்டுக் கொடுத்ததோடு
வரிசையில் நின்றேன், டோக்கன் நாற்பத்து மூன்று.
முன்னால் மால்டாக்காரர் ஒருவர்,
பின்னால் குடியாத்தத்துப் பாட்டி, மூத்திரக் குப்பியை
முந்தானையில் மறைத்தபடி.

ஹெப்சிபா நிமிராமல் "காலி பேட்?" என்றாள்.
அப்புறம் நிமிர்ந்தாள்.
கடைசித் தேதி கேட்டாள், சொன்னேன்.
மாத்திரை கேட்டாள், பெயரும் நாளும் சொன்னேன்.
குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டாள்,
"பதினோரு நாள்" என்றேன்.
"இவ்ளோ சரியா யாருமே சொன்னதில்லடி."

பெயரைச் சத்தமாகப் படித்துத்தான்
குப்பியில் ஒட்ட வேண்டும், அது விதி.
அவள் உதட்டளவில் படித்து ஒட்டினாள்.

மாத்திரை பதினாலு நாளைக்கு.
அதன்பின் நான்கு வாரம்.
அரிசி டப்பாவுக்குப் பின்னால் பெட்டி இருக்கிறது,
காலாவதி அக்டோபர்.
பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.
இந்த முறை சனிக்கிழமை
சுகர் என்று சொல்லப்போவதில்லை.